தார்ன்கார்த் கூட்டம்

ராமாத்தாளுக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கமில்லை. அதை ஒரு குறை என்று யாராவது சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "நம்பி ஏமாந்தவிகெல்லாம் எங்கிட்டத்தான் வந்து அழுவறாங்கொ. நான் ஆருகிட்டயாச்சும் போயி அழுதிருக்கறனா?" என்று கேட்பாள். தாராபுரம் பக்கத்திலிருந்து டெக்சாஸ் மாநிலத்துச் சுகர் லேண்டுக்கு வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் அவள் காரில் ஏறியதில்லை.

குணத்துக்கு ஏற்ற வேலையும் வாய்த்தது. ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைச் சரிபார்க்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். எடுக்காத ஸ்கேனை எடுத்ததாக யாராவது எழுதிவைத்தால் அவள் கண்ணிலிருந்து தப்பாது. கணவர் பாலசுப்ரமணியன் இதற்கு நேர் எதிர். வாசலில் வந்து நின்று பூச்சி மருந்து விற்பவனைக்கூட உட்காரவைத்துக் காபி கொடுக்கும் மனிதர். ஐந்து வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு வீட்டில் சந்தேகப்படக்கூட ஆளில்லை. மிச்சமிருந்தது மகள் வெண்பா ஒருத்திதான். அவளும் வேலை கிடைத்ததும் ஹூஸ்டனில் அபார்ட்மென்ட் எடுத்துத் தனியாகப் போய்விட்டாள்.

அந்த வெண்பா சென்ற செப்டம்பரில் ஒரு பையனைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்தாள். பெயர் நேத்தன் தார்ன்கார்த். முப்பது வயது, பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். முழங்கால் வலிக்கு வெண்பாவிடம் பிசியோதெரபி எடுக்க வந்த இடத்தில் பழக்கம். ரசத்தை இரண்டாவது தரம் கேட்டு வாங்கினான். தனக்கு நான்கு வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார், பக்கத்து மாநிலத்து லேக் சார்ல்ஸில் அம்மாதான் வளர்த்தார் என்றான். அதைச் சொல்லும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ராமாத்தாள் அதைக் குறித்துக்கொண்டாள்.

அவன் காரில் ஏறிய பிறகு வெண்பா மட்டும் திரும்பி வந்தாள்.

"அம்மா, நாங்க மேரேஜ் பண்ணிக்கப் போறோம். நீ வரணும். ஐ வாண்ட் யூ தேர். ஆனா ஒரே ஒரு கண்டிஷன்."

"என்ன கண்ணு?"

"அவனைப் பத்தி எங்கயும் விசாரிக்கக் கூடாது. அனிருத்துக்குப் பண்ணின மாதிரி பண்ணினா, கல்யாணத் தேதியவே உன்கிட்ட சொல்ல மாட்டேன். சீரியஸா சொல்றேன்."

அனிருத் கதை இதுதான். மூன்று வருடத்துக்கு முன் வெண்பா அவனோடு பழகியபோது, ராமாத்தாள் டல்லாஸில் அவனுடைய பழைய ரூம்மேட்டின் அம்மா வரைக்கும் போன் போட்டுத் துருவிவிட்டாள். விஷயம் அவன் காதுக்குப் போனது. அவன் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட்டான். வெண்பா எட்டு மாதம் தாயோடு பேசவில்லை. அந்த எட்டு மாதத்தை ராமாத்தாள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். இன்னொரு தரம் அது நடந்தால் தாங்கமாட்டாள். அதனால் "சேரி கண்ணு, நான் ஒண்ணுங் கேக்குல" என்று வாக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போது மனதாரத்தான் கொடுத்தாள்.

பதினோரு நாள் தாக்குப்பிடித்தாள்.

அவள் ஊர்ப்பக்கத்தில் ஒரு சம்பந்தம் பேசுவதற்கு முன் முதலில் கேட்பது என்ன கூட்டம், அதாவது என்ன குலம் என்றுதான். ஒரே கூட்டத்தார் என்றால் பங்காளிகள், ஒரே ரத்தம், பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது. வேறு கூட்டம் என்றால் அடுத்த வேலை விசாரணை. விவரமான ஆள் இரண்டு பேர் மாப்பிள்ளை ஊருக்குப் போய் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார்கள். பங்காளி வீட்டில்தான் முதலில் கேட்பார்கள், பங்காளி உள்ளதைச் சொல்லாவிட்டாலும் இல்லாததையாவது சொல்லிவிடுவான், அதிலிருந்து பாதி தெரிந்துகொள்ளலாம். ராமாத்தாளின் கல்யாணத்துக்கும் இப்படித்தான் போனார்கள், பாலசுப்ரமணியனைப் பற்றி ஒரு குறையும் கிடைக்காமல் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

ஆக, பன்னிரண்டாவது நாள் அவள் தனக்குத்தானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். ஆளை விசாரிக்கக் கூடாது என்றுதான் வெண்பா சொன்னாள். பெயரை விசாரிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே!

கம்ப்யூட்டரில் 'தார்ன்கார்த்' என்று போட்டாள். ஸ்மித் என்றால் லட்சக்கணக்கில் கொட்டும். இது அமெரிக்கா முழுவதிலும் எழுபது குடும்பத்துக்கு மேல் இல்லாத பெயர். ராமாத்தாளுக்குக் குஷி தாளவில்லை. எழுபதே வீடு என்றால் எல்லாரும் பங்காளிகள்தானே, சின்னக் கூட்டம், ஒருத்தனைப் பிடித்தால் அத்தனை பேரையும் பிடித்துவிடலாம். அதைவிட நல்ல காலம், அந்தப் பெயரின் சரித்திரத்தைச் சேகரித்து வைத்திருக்கும் ஒரு வலைப்பக்கமும் இருந்தது. நடத்துபவர் டோரதி தார்ன்கார்த், ஊர் பியூமான்ட். ஐ-டென் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் இரண்டு மணி நேரம்.

அந்தப் பக்கத்தில் ஒரு வம்ச மரம் இருந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறியவன் முதல் போன வருடம் பிறந்த குழந்தை வரை முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர். ராமாத்தாள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு பார்ப்பதைப் போலக் கிளை கிளையாகப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டில் நேத்தன் இல்லை. லேக் சார்ல்ஸில் பிறந்தவர் என்று ஒருவர்கூட இல்லை.

எழுபது வீட்டுக் கூட்டத்தில் ஒருத்தன் விடுபடுவானா? அப்படியென்றால் இவன் யார்? பெயரை மாற்றிக்கொண்டவனா? எதற்கு மாற்றினான்? ஜெயிலில் இருந்தவனா, ஏற்கெனவே கல்யாணமானவனா? தட்டைப் பார்த்துக்கொண்டே பேசியது ஞாபகம் வந்தது. ரசத்தை இரண்டு தரம் வாங்கியதுகூட இப்போது சரியாகப் படவில்லை. வெண்பாவிடம் கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தாள், வைத்தாள். மூன்றாவது தடவை எடுத்தது கார்ச் சாவியை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு டோரதி வீட்டு மணியை அழுத்தினாள். கதவு நான்கு அங்குலம் திறந்தது, சங்கிலி விலகவில்லை. உள்ளே ஓர் ஒல்லியான வெள்ளைக்கார அம்மாள், அறுபத்தைந்து அறுபத்தாறு இருக்கும். இனி இருவரும் பேசியதெல்லாம் இங்கிலீஷில்தான், நமக்காகத் தமிழில் தருகிறேன்.

"தார்ன்கார்த் பேரைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன்" என்றாள் ராமாத்தாள்.

"எதற்கு?"

"என் மகள் ஒரு தார்ன்கார்த்தைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். நேத்தன்."

டோரதியின் கண் சுருங்கியது. "உங்கள் மகள் பெயர்?"

"வெண்பா."

"உங்கள் லைசென்ஸைக் காட்டுங்கள்."

ராமாத்தாள் காட்டினாள். டோரதி கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். "ராமாத்தாள் நாச்சிமுத்து. வெண்பாவின் பெயர் பாலசுப்ரமணியன். நீங்கள் அவளுடைய அம்மா இல்லை."

இந்த அம்மாளுக்கு வெண்பாவின் முழுப் பெயர் எப்படித் தெரியும் என்ற திகைப்பு ஒரு பக்கம். இதற்குப் பதில் சொல்ல வேண்டிய அவசரம் ஒரு பக்கம். "பாலசுப்ரமணியன் என் வீட்டுக்காரர்" என்றாள்.

"ஓ. அப்போது அவர் மிஸ்டர் பாலசுப்ரமணியன்."

"இல்லை, அது அவருடைய சொந்தப் பெயர். அவருடைய கடைசிப் பெயர் மாரப்பன். அது அவருடைய அப்பா பெயர். நாச்சிமுத்து என் அப்பா பெயர்."

"ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர்" என்றாள் டோரதி. "இருபத்தைந்து வருடமாகப் பெயர்களைத் தேடுகிறவள் நான். தலைமுறைக்குத் தலைமுறை பெயரை மாற்றுகிறவர்கள் ஓடி ஒளிகிறவர்கள்தான்."

ராமாத்தாள் போனில் தானும் வெண்பாவும் நிற்கும் போட்டோவைக் காட்டினாள். "யார் வேண்டுமானாலும் யார் பக்கத்திலும் நின்று போட்டோ எடுக்கலாம்" என்றாள் டோரதி. ராமாத்தாளுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. தான் அந்தப் பக்கம் நின்றிருந்தால் அதையேதான் சொல்லியிருப்பாள்.

"வெண்பாவுக்குச் சின்ன வயதில் எந்தக் கை உடைந்தது?" டோரதி கேட்டாள்.

"இடது மணிக்கட்டு. ஒன்பது வயதில். ஸ்கூலில் ஒரு பெண்ணை அடிக்கப் போய் விழுந்தாள், எல்லாரிடமும் சைக்கிளில் விழுந்ததாகச் சொன்னாள்."

சங்கிலி விலகியது. அடிக்கப் போய் விழுந்த கதை வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தது. அதைக்கூட வெண்பா இங்கே வந்து சொல்லியிருக்கிறாள். அடுக்களையில் நுழைந்தால் ஃபிரிட்ஜின் மேல் வெண்பாவும் நேத்தனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஓரத்தில் இந்த டோரதி. பெற்றவளுக்கு அனுப்பாத போட்டோ. ராமாத்தாளுக்குப் பொறாமையாக இருந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

டோரதி காபி ஊற்றி, பீக்கன் பை என்கிற கொட்டைப் பலகாரம் ஒரு துண்டும் வைத்தாள். ராமாத்தாள் தொடவில்லை. சம்பந்தம் முடிவாவதற்கு முன் மாப்பிள்ளை வகையில் கை நனைப்பதில்லை. டயபெடிஸ் என்று பொய் சொன்னாள்.

"நேத்தன் பெயர் ஏன் மரத்தில் இல்லை?" நேராகவே கேட்டாள்.

டோரதி அலமாரியிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

"என் புருஷன் பெயர் கர்ட்டிஸ் தார்ன்கார்த். எண்ணெய்க் கிணற்றில் வேலை, பாதி மாதம் இங்கே, பாதி மாதம் வெளியே. 1999-ல் செத்துப்போனான். சவ அடக்கத்துக்கு லேக் சார்ல்ஸிலிருந்து ஒரு பெண் நான்கு வயதுப் பையனோடு வந்து முன் வரிசையில் உட்காரப் பார்த்தாள். தான் கர்ட்டிஸின் மனைவி என்றாள். நான் அவளிடம் லைசென்ஸைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். தார்ன்கார்த் என்றுதான் இருந்தது."

அந்த நான்கு வயதுப் பையன் யார் என்று ராமாத்தாளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பதினோரு வருடம் கூடவே படுத்து எழுந்த மனிதன் யாரென்றே எனக்குத் தெரியவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. அப்போதுதான் தேட ஆரம்பித்தேன். அவனைத் தேட முடியாது, அவன் போய்விட்டான். அதனால் அவன் பெயரைத் தேடினேன்."

நோட்டைத் திறந்தாள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு மலைச்சரிவில் தார்ன்கார்த் என்று பன்னிரண்டு வீட்டுக் குக்கிராமம் இருந்ததாம். ஆட்டுப்பட்டியைச் சுற்றி முள் வேலி போட்ட இடம் என்பதுதான் பெயருக்கு அர்த்தம். அறுநூறு வருடத்துக்கு முன்னால் நிலத்துச் சொந்தக்காரர் ஆடு மேய்க்க இடம் வேண்டுமென்று குடிகளை விரட்டிவிட்டார். போனவர்கள் ஆளுக்கொரு ஊரில் ஒண்டினார்கள். போன இடத்தில் எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் தார்ன்கார்த் என்றார்கள், வரி எழுதுகிறவன் அதையே பெயராக எழுதிக்கொண்டான்.

"எல்லாரும் ஒரே ரத்தம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இவ்வளவு அபூர்வமான பெயராயிற்றே! இணையத்தில் இருக்கும் மரம் அந்தக் காலத்தில் போட்டது. பிற்பாடு பழைய பதிவுகளைத் தோண்டினால் நான்கு வேர் வருகிறது. ஓர் ஆடு மேய்ப்பவன், ஒரு கொல்லன், மாவு மில்காரன், கைக்குழந்தையோடு ஒரு விதவை. ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தப் பெயர் எங்கேயிருந்து கிளம்பினார்கள் என்றுதான் சொல்கிறது. ஆள் எப்படி என்று சொல்லவில்லை. என் உடம்பில் ஒரு சொட்டு தார்ன்கார்த் ரத்தம் கிடையாது, அத்தனை பெயரையும் நான்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். அறுநூறு வருடத்துக் கதை தெரிந்துவிட்டது. கர்ட்டிஸ் ஏன் அப்படிச் செய்தான் என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை."

ராமாத்தாள் எழுபது வீட்டையும் ஒரே கூட்டமாக முடிந்து வைத்திருந்தாள். அந்த முடிச்சு அவிழ்ந்து கையில் ஒன்றும் இல்லாமல் போனது.

"நேத்தன்?" என்றாள்.

"ஹார்வி புயல் வந்தபோது இந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த மறுநாள் ஓர் இளைஞன் வாசலில் நின்றான். 'என் பெயர் நேத்தன், நான் யாரென்று உங்களுக்குத் தெரியும், சுவர்ப் பலகையெல்லாம் ஊறியிருக்கும், பெயர்த்துத் தரட்டுமா?' என்றான். நான் கதவைச் சாத்தினேன். மறுநாளும் வந்தான். ஐந்தாம் நாள் உள்ளே விட்டேன். எட்டு வருடமாக மாதம் ஒரு தரம் வருகிறான். ஒரு வருடமாக உங்கள் மகளும் வருகிறாள். முதல் நாளே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் அழைத்து வந்தான். இணையத்து மரத்தை என் மகள் பார்த்துக்கொள்கிறாள், அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. இந்த நோட்டு என்னுடையது. இதில் அவன் இருக்கிறான்."

டோரதி கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். கர்ட்டிஸுக்குக் கீழே நேத்தன், மையில். பக்கத்தில் கோடு போட்டு வெண்பா பாலசுப்ரமணியன், பென்சிலில். அதற்குக் கீழே இன்னும் ஏதோ எழுதியிருந்தது.

"கல்யாணத் தேதியைப் பென்சிலில்தான் எழுதுவேன். நடந்த பிறகு மை. இதோ பாருங்கள், உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று நோட்டை ராமாத்தாள் பக்கம் திருப்பினாள்.

ராமாத்தாள் சட்டென்று அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிவிட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள். "இன்னும் சொல்லவில்லை. அவள் வாயால் சொல்லட்டும்."

டோரதிக்குப் புரிந்துவிட்டது. "நீங்கள் வந்தது அவளுக்குத் தெரியாது."

"தெரிந்தால் தேதியே சொல்லமாட்டேன் என்றாள்."

"நான் சொல்லமாட்டேன். நீங்கள் வரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் மறைத்து வைத்தே ஒரு மனிதன் நாசம் செய்துவிட்டுப் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நாமும் மறைப்போம் என்று ஒத்துக்கொள்ள ராமாத்தாளுக்கு வாய் வரவில்லை. காபி ஆறிப்போயிருந்தது. எடுத்து முழுதும் குடித்தாள். பலகாரத்தையும் சாப்பிட்டாள். அவளைப் பொறுத்தவரை சம்பந்தம் முடிந்துவிட்டது. டயபெடிஸ் என்றீர்களே என்று டோரதி கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

வாசலில் காருக்குள் உட்கார்ந்து வெண்பாவுக்குப் போன் போட்டாள்.

"கண்ணு, நான் பியூமான்ட்ல இருக்கறேன். டோரதி ஊட்டு வாசல்ல."

"நீ ப்ராமிஸ் பண்ணின" என்றாள் வெண்பா.

"ஆமாங் கண்ணு. தப்புத்தான். பையன் தங்கமான பையன். அவன் பேர்ல ஒரு குத்தமும்..."

"அம்மா, அவனே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தான். தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்து உக்காந்து எல்லாத்தையும் சொல்லணும்னு, தமிழ்ல ப்ராக்டிஸ் பண்ணிட்டிருந்தான். எங்கப்பாவுக்கு ரெண்டு குடும்பம்னு தமிழ்ல எப்டி சொல்றதுன்னு என்னைக் கேட்டுக் கேட்டு எழுதி வச்சிருந்தான். யூ டுக் தட் ஃப்ரம் ஹிம். அத நீ பறிச்சுட்ட."

"உங்கிட்ட கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பயா?"

"தெரியல. பட் நீ கேக்கவே இல்லையே. நீ விசாரிச்ச." போன் வைக்கப்பட்டது.

வெண்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், தேதியைச் சொல்லவே இல்லை. அக்டோபர் போனது. நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வந்தது, ராமாத்தாள் ரசம் வைத்துத் தனியாகச் சாப்பிட்டாள். தேதியைத் தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. டோரதியின் நம்பர் அவள் போனில் இருந்தது, லேக் சார்ல்ஸ் அம்மாளின் விலாசத்தைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம் போதும். கல்யாண லைசென்ஸ் எடுத்தால் கவுன்டி என்கிற மாவட்ட ரெக்கார்டில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தினமும் ஆபீசில் அந்த மாதிரி ரெக்கார்டுகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். விரல் பரபரக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். அந்த இரண்டரை மாதத்தில் நிறையத் தண்ணீர் குடித்தாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது.

"அம்மா. அந்த நோட்புக்ல டேட் எழுதியிருந்துச்சாமே. உன் முன்னாடியே இருந்துச்சுன்னு டோரதி சொன்னாங்க."

"ஆமாங் கண்ணு."

"பாத்தியா?"

"இல்ல. கைய வச்சு மூடிப் போட்டேன்."

"பொய் சொல்லாதம்மா. கவுன்டி வெப்சைட்ல?"

"அதயும் பாக்குல."

"டோரதிக்கு கால் பண்ணிக் கேட்டியா?"

"இல்ல."

"நேத்தன் அம்மாகிட்ட? அவன் ஸ்கூல்ல? யார்கிட்டயுமே?"

"ஆருகிட்டயும் கேக்குல கண்ணு."

மகள் ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டே போனாள். நம்பாத அந்தக் குரல் யாருடையது என்று ராமாத்தாளுக்கு நன்றாகத் தெரிந்தது. வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பாள். இன்றைக்குக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கேள்விகள் தீர்ந்தன. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"முதல்ல நீ மறுபடி எங்கயாவது போய் விசாரிப்பியோன்னு டெய்லி பயந்தேன்மா. அப்புறம் நீ எதுவுமே பண்ணலையேன்னு பயமாயிடுச்சு. உனக்கு உடம்பு சரியில்லையோன்னு."

"நல்லாத்தானிருக்கறேன் சாமி."

"மார்ச் ஏழு. சாட்டர்டே."

ராமாத்தாளின் வாய்க்குள் கேள்விகள் வரிசைகட்டி நின்றன. எந்த இடம், எத்தனை மணி, தாலி உண்டா, அவன் வகையில் எத்தனை பேர், டோரதி ஒரு பக்கமும் அவன் அம்மா ஒரு பக்கமும் உட்கார்ந்தால் யார் பேசிக்கொள்வார்கள், சாப்பாட்டுக்கு யார். எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"சேரி கண்ணு. வாரேன்."

வெண்பா காத்திருந்தாள். ஒன்றும் வராததால் அவளே கேட்டாள்: "எங்கன்னு கேக்க மாட்டியா?"

"நீயே சொல்லு கண்ணு" என்றாள் ராமாத்தாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.